பதினேழில் இருந்த இரும்பு

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று வேலை செய்யும் இடத்திலிருந்து தங்கைக்குப் போன் போடுவேன். "அக்கா, உன் வீடு பத்திக்கிட்டா எங்க ஜன்னல்லயே தெரியும். தெரிஞ்சா நானே கூப்பிட்டுச் சொல்றேன், நீ வேலையைப் பாரு" என்பாள். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள்.

என் வேலைக்கு இந்தப் பயம் தோதாக அமைந்துவிட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் அரவை அறையும் அதை ஒட்டிய சோதனைக் கூடமும் என் பொறுப்பு. இருபத்து நான்கு கம்பு ரகங்களை ஆறு ஊர்களில் மூன்று வருடமாக விதைத்துப் பார்க்கிறோம். ஓர் ஊரில் செம்மண், ஒன்றில் கரிசல், ஒன்றில் வெறும் மணல், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். எங்கே போட்டாலும், மழை ஏமாற்றினாலும், காலை வாராமல் விளைகிற ரகம் எது, அதன் தானியத்தில் இரும்பும் துத்தநாகமும் எவ்வளவு என்பதுதான் கேள்வி. எண் எழுதிய துணிப்பைகளில் தானியம் வரும். நான் கழுவி, உலர்த்தி, அரைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் வைத்து அளப்பேன்.

ஒரு சிட்டிகை மண் ஒட்டியிருந்தாலும் இரும்புக் கணக்கு ஏறிவிடும். அதனால் என் அறைக்குள் வருகிறவர்கள் வளையல், கைக்கடிகாரம், ஹேர்பின் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டும். எங்கள் வயல் மேற்பார்வையாளருக்கு எந்நேரமும் மழை அளவுப் பேச்சுதான், அதனால் 'மழைமானி' என்று பெயர். "உள்ள வர்றதுக்குள்ள ஆளையே கழட்டி வெச்சிடுவீங்க போலிருக்கே" என்பார். சிரித்தால் சிரிக்கட்டும். தானியத்தை ஒரு தடவைக்கு மூன்று தடவை கழுவுவேன். மாவு சல்லடையில் முழுக்க இறங்கும் வரை விடாமல் அரைப்பேன். அரைத்தது போக மிஞ்சிய மாவைக் கூட எறிவதில்லை, உறையில் போட்டு நாள் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்வேன். யாராவது பிற்பாடு கேட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இருபத்து நான்கில் பதினேழாம் எண்தான் எங்கள் செல்லப்பிள்ளை. எந்த ஊரிலும் அது முதலிடம் வாங்கியதில்லை, எந்த ஊரிலும் மூன்றாமிடத்துக்குக் கீழே இறங்கியதும் இல்லை. மணலில் மற்ற ரகங்கள் படுத்துவிட்ட வருடத்திலும் அது நின்றது. போதாக்குறைக்கு அதன் இரும்பு. மற்ற ரகங்களில் கிலோவுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது மில்லிகிராம். பதினேழில் தொண்ணூறுக்கு மேல், அதுவும் ஆறு ஊரிலும் தொண்ணூறுக்கு மேல். எங்கள் அதிகாரி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் "சராசரி என்னம்மா?" என்றே ஆரம்பிப்பதால் அவருக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சராசரி சார். பதினேழை உருவாக்கப் பதினோரு வருடம் உழைத்தவர்.

எனக்கும் பெருமைதான். அந்தத் தொண்ணூறை அளந்த கை என் கை. அந்தப் பெருமையில்தான் வாயை விட்டேன்.

தங்கை அப்போது மூன்று மாதக் கர்ப்பம். முதல் கரு தங்கவில்லை, இது இரண்டாவது. ரத்தம் கொஞ்சம் குறைவு, ஒன்பதரைதான் இருக்கிறது என்று டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார். விழுங்கிய அரை மணியில் வாந்தி. வயிறு கல்லாகிவிட்டது. "குழந்தையைச் சுமக்கிறேனா, கொல்லன் பட்டறையைச் சுமக்கிறேனான்னு தெரியல அக்கா" என்று அழுதாள்.

"அப்ப விட்டுத் தள்ளு. நான் பதினேழு கொண்டாறேன். அதுல இருக்கிற இரும்பு வேற எந்தத் தானியத்துலயும் கிடையாது. ரெண்டு வேளை அதைச் சாப்பிடு, போதும்" என்றேன்.

தொண்ணூறே மெய்யாக இருந்தாலும் அது மாத்திரைக்கு ஈடாகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். ஆனால் நான் அளந்த எண்ணின் மேல் எனக்கு அவ்வளவு மயக்கம். இன்னும் வெளியிடாத ரகம் என்பதால் ஒரு மணி கூட நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது, மிச்சத்தை எரித்துவிட வேண்டும் என்பது விதி. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற நான், வாரம் இரண்டு கிலோவைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கடத்தினேன். அவள் அதை மாவு மில்லில் அரைத்துக் கஞ்சியாகவும் ரொட்டியாகவும் நான்கு மாதம் சாப்பிட்டாள். அவள் கணவர் மாத்திரை அட்டையை எண்ணுவார் என்பதால், தினம் ஒன்றை எடுத்து ரோஜாத் தொட்டியில் புதைத்தாள். ரத்தப் பரிசோதனையையும் 'அடுத்த மாசம்' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். "ரோஜாவுக்கு எட்டாம் மாசம் மாதிரி இருக்கு, அப்படிக் கொழுத்திருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன திங்கட்கிழமை என் அரவை இயந்திரம் நின்றுபோனது. ஏழு வருடம் ஓடிய எவர்சில்வர் கத்திகள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரகத் தேர்வுக் குழு கூடுகிறது. பதினேழை வெளியிடலாம் என்று முடிவெடுத்து, கர்ப்பிணிகளுக்குப் பங்கிடும் உணவுத் திட்டத்தில் அதைச் சேர்க்கப் போகிறார்கள். அதற்கு முன் பதினேழை மட்டும் கடைசியாக ஒரு தடவை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நல்லவேளையாகப் புது இயந்திரம் பிரிக்காமல் இருந்தது. அதில் கத்தியே கிடையாது. வெள்ளைக் கல் உருண்டைகள் உருண்டு உருண்டு அரைக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் எண் வந்தது. நாற்பத்தொன்பது.

பை மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். பையை எடுத்துப் பார்த்தேன், பதினேழுதான். வேறு ஊர்ப் பையிலிருந்து எடுத்துக் கழுவி, அரைத்து, அளந்தேன். நாற்பத்தாறு. அளவு தெரிந்த, அரைத்தே வரும் தானிய மாவு ஒன்றை ஒப்பிடுவதற்கென்றே வைத்திருப்போம். அதைப் போட்டுப் பார்த்தேன், கருவி மிகச் சரியாகச் சொன்னது. அன்று வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கக் கூடத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய், பெட்டியிலிருந்து பழைய மாவு உறைகளை எடுத்தேன். பழைய இயந்திரத்தில் அரைத்த பதினேழு, புதியதில் அரைத்த பதினேழு, இரண்டும் ஒரே பைத் தானியம். எவர்சில்வரில் இரும்போடு குரோமியம் கலந்திருக்கும். தானியத்தில் குரோமியம் அநேகமாக இருக்காது. எங்கள் கருவி அதையும் அளக்கும், ஆனால் நாங்கள் இரும்பையும் துத்தநாகத்தையும் தவிர வேறெதையும் அதனிடம் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டேன்.

புது மாவில் குரோமியம் இல்லை. பழைய மாவில் இருந்தது, நிறையவே.

மற்ற ரகங்களின் பழைய உறைகளிலும் பார்த்தேன். துளித்துளிதான். ஏன் பதினேழில் மட்டும்? என் அரவை நோட்டைப் புரட்டினேன். மற்ற ரகங்களுக்கு நாற்பது நொடி, ஐம்பது நொடி. பதினேழுக்கு நான்கு நிமிடம், சில நாள் ஐந்து. எல்லாம் என் கையெழுத்து. பதினேழு கெட்டித் தானியம், லேசில் உடையாது. சல்லடையில் இறங்கும் வரை விடாமல் அரைத்திருக்கிறேன். அத்தனை நேரமும் கத்தி தேய்ந்து மாவில் விழுந்திருக்கிறது. ஆறு ஊர் மண்ணிலும் ஒரே மாதிரி இரும்பு வந்ததே, அது மண்ணிலிருந்து வரவில்லை, என் அறையிலிருந்து வந்தது. இரும்பு ஏறுகிற ரகத்தில் துத்தநாகமும் கூடவே ஏறுவது வழக்கம். பதினேழில் ஏறவில்லை. அது கூட என் கண்ணில் படவில்லை. ஊரார் ஹேர்பின்னையெல்லாம் கழற்ற வைத்தவள், தினம் கையால் துடைத்த இயந்திரத்தின் மேல் ஒரு நாளும் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

தங்கையின் கஞ்சி மாவை அந்த இயந்திரம் அரைக்கவில்லை. அவள் சாப்பிட்டது வெறும் கம்பு. நான்கு மாதம்.

சராசரி சாரின் அறைக்குப் போனபோது அவர் மறுநாள் பேசப் போவதைச் சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. சராசரி என்ன?"

"பழைய மெஷின்ல தொண்ணூத்தொண்ணு சார். புதுசுல நாப்பத்தெட்டு."

"புதுசைத் திருப்பி அனுப்பிடு" என்று சிரித்தார்.

"புதுசு சரியாத்தான் இருக்கு சார். பழசுதான் தப்பு." குரோமிய எண்கள் எழுதிய தாளை மேசையில் வைத்தேன்.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். வந்தது கோபம் இல்லை, அவரும் என்னைப் போலவே வெளிறிப் போனார்.

"விளைச்சல் பொய் இல்லையே?" என்றார் கடைசியில்.

"இல்ல சார். விளைச்சல் நிஜம். ஆறு ஊர்லயும் நிஜம்."

"அப்ப அதுவே போதும். நாளைக்குக் கூட்டம் முடியட்டும். இரும்பை அப்புறமாத் திருத்தி எழுதிக்கலாம். இப்ப வாயைத் தொறந்தா நல்ல ரகத்தையும் சேர்த்துக் குப்பையில போட்டுடுவாங்க. பதினோரு வருஷம்மா." தாளை மடித்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "இன்னும் யாரும் அதை வாயில கூட வெக்கலையே. என்ன கெட்டுப் போயிடும்?"

என் தங்கை வைத்திருக்கிறாள் சார், என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கடத்தியது வெளியே வரும், வேலை போகும். மென்று விழுங்கிவிட்டு "சரி சார்" என்றேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் கட்டி. ஒரு மாதமாகவே ஐஸை நறநறவென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தாள், "பிறக்கப் போறது பனிக்கரடியா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். ரத்தம் வற்றியவர்களுக்கு அப்படி ஆசை வரும் என்று எங்கேயோ படித்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவளை வெளிச்சத்துக்கு இழுத்துக் கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, காகித நிறம்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். "அப்ப நான் தின்னது சும்மா கம்பா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆறு புள்ளி ஒன்று என்று ரத்தச் சோதனையில் வந்தது. உடனே படுக்கையில் போட்டார்கள், இன்றே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பேருந்து ஓட்டுகிற அவள் கணவர், பணிமனையிலிருந்து சீருடையோடு ஓடி வந்தார். டாக்டர் என் வயதுதான் இருக்கும், பேச்சில் வளவளப்பு இல்லாதவர். வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார். துடிப்பு இருக்கிறது, ஆனால் குழந்தை இருக்க வேண்டிய எடையில் இல்லை என்றார். பிறகு கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?"

தங்கை என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். "தினமும் சாப்பிட்டேன் டாக்டர்" என்றாள்.

"ஆமா டாக்டர், நான் அட்டையை எண்ணிப் பாப்பேன். ஒண்ணு கூட மிஞ்சாது" என்றார் கணவர்.

எனக்காகத்தான் பொய் சொன்னாள். நான் திருடியது கணவருக்குத் தெரியக் கூடாது, டாக்டர் முன்னால் நான் தலைகுனியக் கூடாது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "மாத்திரை சாப்பிட்டும் இவ்வளவு இறங்கியிருக்குன்னா, காரணம் வேற எங்கேயோ இருக்கு. நாளைக்குக் காலையில இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

வெளியே நடைவழியில் கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க ஆராய்ச்சியில இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். மஜ்ஜையில பாக்கறதுன்னா அந்த நோய்க்குத்தானே? அதானே?"

அவரை அங்கிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"முதல் தடவை போனப்பவே அவ பாதி செத்துட்டா. இப்ப இது வேற. சொல்லிடுங்க அக்கா, தாங்கிக்கிறேன்."

பெரிய ஆள் அவர், கண்ணைத் துடைக்கக் கூடத் தெரியாமல் நின்றார். என் பொய் எண் ஒன்று ஏற்கெனவே அவள் ரத்தத்தைக் குடித்திருக்கிறது. இப்போது எங்கள் இரண்டாவது பொய்யை நம்பி, இல்லாத நோயைத் தேடி அவள் எலும்பில் ஊசி இறக்கப் போகிறார்கள். எனக்கு இருந்த பயங்களிலெல்லாம் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. வேலை போவதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை.

"உள்ள வாங்க தம்பி" என்றேன். "உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லணும்."

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அவ மாத்திரை சாப்பிடல டாக்டர். நாலு மாசமாச் சாப்பிடல. எல்லாம் ரோஜாத் தொட்டியில இருக்கு. நான்தான் வேண்டாம்னேன்."

கணவரின் கையிலிருந்து தொப்பி விழுந்தது. அவர் பக்கம் திரும்பாமல் மிச்சத்தையும் கொட்டினேன். கம்பு, பதினேழு, தொண்ணூறு, கத்தி, குரோமியம் எல்லாம். முடித்ததும் டாக்டர், எழுதி வைத்திருந்த தாளில் மஜ்ஜை சோதனை வரியை நீளமாக அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார்.

"இரும்பை நரம்பு வழியா ஏத்தலாம். ரத்தமும் போகுது. ரெண்டு பேரும் தப்பிச்சிடுவாங்கன்னு இப்ப நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா எதோட மல்லுக்கட்டுறோம்னு தெரிஞ்சுபோச்சு." பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார். "அந்தத் தானியத்துல அவ்வளவு இரும்பு இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அளந்ததே நான்தான்."

"வேற யாருக்காவது சொல்லியிருக்கீங்களா? வேற கர்ப்பிணிங்க யாருக்காவது?"

"நான் சொல்லல டாக்டர். ஆனா நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாருக்கும் சொல்லப் போறாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை நாலே முக்கால்.

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

நான் எழுந்து தங்கையின் கட்டிலருகே போனேன். குழாய் வழியாக யாருடைய ரத்தமோ அவளுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் எனக்குப் பின்னால் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், கட்டிலின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். அவர் இனி என்னோடு பேசுவாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"சொல்லிட்டியா?" என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமலே.

"சொல்லிட்டேன். இன்னும் ஒரு இடம் பாக்கி."

தேர்வுக் குழுத் தலைவரின் எண்ணைத் தேடி எடுத்தேன். இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிடலாம் என்று தோன்றியது. தங்கை என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

"யாரு பேசறது?" என்றது போன்.

"நிலையத்து அரவை அறைக்காரி பேசறேன் சார். பதினேழைச் சாப்பிட்ட பொண்ணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுப் பேசறேன்."